பச்சை லைற் பொய் சொல்லும்போது

"அண்ணை, பச்சை லைற் எரியுது. ஆனா கிக்கர் அடிச்சா வண்டி பாயுது."

"லைற் எரியேல்லை. ஆனா வண்டி நியூட்ரலிலைதான் நிக்குது."

"மூண்டிலை ஓடேக்கை ஒண்டு எண்டு காட்டுது."

மாரி தொடங்கிவிட்டால் முள்ளியவளையில் எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் இந்த மூன்றில் ஒன்று காதில் விழும். கேட்க ஒன்றுபோல இருக்கும். மூன்றும் வேறு வேறு பழுது. ஆனால் மூன்றுக்கும் நம்மவர்கள் செய்வது ஒரே வைத்தியம்: கடைக்குப் போய்ப் புது சுவிட்ச் வாங்கி மாட்டுவது. சில வேளை சரிவரும். சரிவராதபோது "கள்ளச் சாமான் தந்துவிட்டான்" என்று கடைக்காரனைத் திட்டுவோம். பழுது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும், காசு ஒரு சதமும் தேவையில்லை. அதைப் பழக்குவதற்குத்தான் இந்த அத்தியாயம்.

அதற்கு முதல் ஒன்று. லைற் பழுதான வண்டியில் லைற்றை நம்பிக் கிளட்சை விடாதீர்கள். சாவி போடுமுன் வண்டியை முன்னும் பின்னும் ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் உருண்டால் நியூட்ரல். ஒரு பல்லுக்குள் அகப்பட்டதுபோல 'டக்' என்று நின்றால் கியரில் இருக்கிறது. பெற்றோல் ராங்கில் பிள்ளையை இருத்திவிட்டு, பச்சையைப் பார்த்துக் கிக்கர் அடித்து, வண்டி வேலிக்குள் பாய்ந்த கதை எனக்கு ஒன்றுக்கு மேல் தெரியும்.

லைற் எப்படி எரிகிறது

கியர் பெட்டிக்குள் ஒரு உருளை இருக்கிறது. நீங்கள் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு படி சுழலும். உருளையில் வெட்டிய வளைந்த வாய்க்கால்களில் கவைகள் ஓடி, பற்சில்லுகளை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளும். இந்த உருளையின் நுனி பெரும்பாலான வண்டிகளில் இடது பக்கம், முன் ஸ்ப்ரொக்கெட் மூடிக்குப் பின்னால் வந்து முடிகிறது. நுனியில் ஒரு சின்னப் பித்தளை ஊசி. ஊசிக்குப் பின்னால் பேனைக்குள் இருப்பதைவிடச் சின்ன ஸ்பிறிங். எதிரே கறுப்புப் பிளாஸ்ரிக் மூடி, அதற்குள் பதித்த பித்தளைப் புள்ளி. உருளை நியூட்ரலுக்கு வரும்போது ஊசி அந்தப் புள்ளியைத் தொடும். வண்டிக்கு வண்டி உருவம் மாறும், வேலை இதுதான்.

இனிக் கரன்ட் போகும் பாதை. பற்றறியில் இருந்து பியூஸ், சாவி, மீற்றருக்குள் இருக்கிற பல்ப், அங்கிருந்து ஒற்றை வயர் இறங்கி சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்ச் அதை எஞ்சின் உடம்போடு, அதாவது ஏர்த்தோடு, சேர்க்கிறது. சுவிட்ச் பல்புக்குக் கரன்ட் கொடுப்பதில்லை. சாவி போட்டிருக்கும்வரை கரன்ட் பல்ப் வரைக்கும் வந்து காத்துக்கொண்டு நிற்கிறது. சுவிட்ச் அதற்குப் போகவழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விசயம் மண்டையில் ஏறிவிட்டால் மிச்சம் எல்லாம் நீங்களே யோசித்துக் கண்டுபிடிக்கலாம்.

வயரைக் கழற்றி எஞ்சினில் தொடுங்கள்

நியூட்ரல் லைற் மட்டும் உள்ள வண்டிகளுக்கு, அதாவது நம் ஊரில் ஓடுவதில் பெரும்பகுதிக்கு, இதுதான் முதல் சோதனை. ஸ்ப்ரொக்கெட் மூடியைக் கழற்றுங்கள். இரண்டோ மூன்றோ போல்ட்தான். செயின் கிறீசும் செம்மண்ணும் சேர்ந்து களிபோல அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவி எடுங்கள். (தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் இதே மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையே ஓட்டினோம், பெற்றோல் துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, புகை கக்கிக்கொண்டு. இப்போது அது பாகம் கழுவ மட்டும்.)

சுவிட்சில் வந்து மாட்டும் வயரைத் தேடுங்கள். ஹொண்டா குடும்பத்து வண்டிகளில் இளம்பச்சையில் சிவப்புக் கோடு, யமஹாவில் வான்நீலம். வயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வயரின் உலோக நுனியை எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஒரு போல்ட் தலையில் தொடுங்கள்.

பச்சை எரிந்தால் பல்ப், பியூஸ், வயர் எல்லாம் சுகம். பழுது சுவிட்சில், அல்லது அதற்குள் இருக்கும் ஊசியில்.

எரியாவிட்டால் சுவிட்சைத் தொடவே தேவையில்லை. மேலே போங்கள். ஹோர்ன், சிக்னல் வேலை செய்கிறதா? செய்தால் பியூஸ் சரி. அடுத்தது பல்ப். மீற்றருக்குப் பின்னால் ரப்பர் பிடியோடு இழுத்தால் வரும். பார்வைக்கு நல்லதாகத் தெரிந்தாலும் மீற்றரில் இருக்கிற வேறு ஒரு பல்பை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பல்பும் சரி என்றால் வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது. அறுகிற இடங்கள் மூன்று: ஹாண்டில் திரும்பும் கழுத்து, ராங்குக்குக் கீழே சட்டத்தோடு உரசும் இடம், ஸ்ப்ரொக்கெட் மூடிக்குள் செயின் அடிக்கும் இடம். சாவியைப் போட்டு, கழற்றிய நுனியை எஞ்சினோடு கட்டிவிட்டு, ஹாண்டிலை இடம் வலமாகத் திருப்புங்கள். பச்சை மினுங்கினால் கழுத்தில்தான் பழுது.

முறைப்பாடு தலைகீழாக, அதாவது லைற் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தாலும் வேலை இதேதான். வயரைக் கழற்றுங்கள். லைற் அணைந்தால் சுவிட்சுக்குள் தண்ணீரோ உலோகத் தூளோ இருக்கிறது. அணையாவிட்டால் வயரின் தோல் உரிந்து சட்டத்தைத் தொடுகிறது. ஒரு விசித்திரமான வகையும் உண்டு: கியரில் நிற்கும்போது கிளட்சைப் பிடித்தால் மட்டும் பச்சை எரியும், விட்டால் அணையும். செல்ஃப் ஸ்ரார்ட் உள்ள சில வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச் வயரும் நியூட்ரல் வயரும் ஒரு டயோட்டில் சந்திக்கின்றன. அது செத்தால் இந்த நாடகம். சுவிட்சை எத்தனை தரம் மாற்றினாலும் போகாது.

பல்புக்குப் பதிலாக எல்.ஈ.டி. மாட்டியவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அது கரன்ட்டை மிகக் கொஞ்சமாகவே குடிக்கும். சுவிட்சில் ஈரம் ஊறினால்கூட அந்த ஈரத்தின் வழியே கசியும் கரன்ட் போதும், கியரில் ஓடும்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். பழைய பல்பில் இந்தத் தொல்லை இல்லை. திருப்பி மாட்டினால் எரியாது என்பதும் எல்.ஈ.டி.யின் குணம், எரியாவிட்டால் எறிந்துவிடாமல் கழற்றித் திருப்பிப் போடுங்கள்.

மீன்பெட்டி வண்டி

முல்லைத்தீவுக் கரையில் விடியப்புறம் மீன் எடுத்து, தண்ணீரூற்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் என்று வீதி நீளத்துக்கு விற்றுக்கொண்டு போகும் ஐயா ஒருவர் பச்சை எரியவில்லை என்று என்னிடம் வந்தார். ஒரு வருசத்துக்குள் இரண்டு தரம் சுவிட்ச் மாற்றியிருந்தார். மூன்றாவது சுவிட்சைக் கையில் வாங்கிக்கொண்டே வந்திருந்தார்.

"தம்பி, இதை மட்டும் போட்டுத் தாரும். நான் வெயிலுக்கு முன்னம் போகோணும்."

வயரைக் கழற்றி எஞ்சினில் தொட்டேன். எரியவில்லை. நுனியில் இருந்த பித்தளைக் கிளிப்பை நகத்தால் சுரண்டினேன். பச்சைப் பாசிபோலப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு இழைகள் கறுத்து, இழுத்த இழுப்புக்கு நூல்போல அறுந்து வந்தன. செயினைப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியிலும் துரு. ஆனால் வலப்பக்கம் ஒரு துளி துருவும் இல்லை. தலையை உயர்த்திப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. பின் கரியரில் கட்டியிருந்த மீன்பெட்டியின் இடது மூலையில் ஐஸ் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை. உப்பும் மீன் இரத்தமும் கலந்த தண்ணீர் நேரே செயினில் சொட்டுகிறது. செயின் அதை ஒவ்வொரு சுற்றிலும் முன்னுக்குக் கொண்டுவந்து ஸ்ப்ரொக்கெட் மூடிக்குள், அந்த வயர் மேல் தெளிக்கிறது.

"ஐயா, சுவிட்ச் பழுதில்லை. பெட்டியிலை கிடக்கிற ஓட்டைதான் பழுது."

நல்ல செம்பு தெரியும்வரை வயரை வெட்டி, புது வயர் ஒரு சாண் சேர்த்து, ஈயப்பற்று வைத்து, சுடவைத்தால் இறுகும் குழாய் போட்டு மூடினேன். கிளிப்புக்குக் கிறீஸ். பெட்டி ஓட்டைக்கு சேலைன் ரியூப் ஒன்று மாட்டி வலப்பக்கமாக, ரயருக்கும் எட்டாமல், கீழே இறக்கிவிட்டேன். வாங்கிவந்த சுவிட்சைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

கடலோரம் இருப்பவர்களுக்கும், நந்திக்கடல் ஓரமாக வற்றாப்பளைப் பக்கம் நாளாந்தம் ஓடுபவர்களுக்கும் உப்பு இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது. வயரை முறுக்கி ரேப் சுற்றுவது அங்கே ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது. வயல் வரம்பில் ஓடுகிறவர்களுக்கு வேறு எதிரி: அறுவடை நேரத்தில் முன் ஸ்ப்ரொக்கெட்டில் வைக்கோல் சுற்றி, வயரைச் செயினுக்குள் இழுத்துவிடும். தொங்கலாகக் கிடக்கும் செயினும் இதைச் செய்யும்.

சுவிட்சைக் கழற்றும்போது

வயர் சரி, சுவிட்ச்தான் என்று தீர்மானமான பிறகே கழற்றுங்கள். வண்டியை நியூட்ரலில் வையுங்கள். பல வண்டிகளில் சுவிட்ச் இருக்கும் துளை ஒயில் மட்டத்துக்குக் கிட்ட இருப்பதால், அப்படியே கழற்றினால் எஞ்சின் ஒயில் வழியும். வண்டியை வலப்பக்கம் சாய்த்து ஒரு மரத்திலோ மதிலிலோ சாத்திவிட்டால் ஒயில் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். கீழே வெள்ளைத் துணி ஒன்று விரியுங்கள். வெள்ளை என்பதற்குக் காரணம் உண்டு: ஊசியும் ஸ்பிறிங்கும் துள்ளி விழுந்தால் செம்மண்ணில் தேடி எடுக்க முடியாது.

ஸ்குரூக்கள் அலுமினியத்துக்குள் இறங்கியிருக்கும். இறுகியிருந்தால் முறுக்கித் தலையை உடைக்கவேண்டாம். சரியான அளவு ஸ்குரூட்றைவரை வைத்து, சுத்தியலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

கழற்றியதும் மூன்றைப் பாருங்கள். ஊசியின் தலை உருண்டையாக இருக்கவேண்டும். தட்டையாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். விரலால் அமுக்கினால் துள்ளி வெளியே வரவேண்டும்; ஒயில் பிசின் பிடித்து உள்ளேயே நின்றால் கழுவினாலே போதும். பிளாஸ்ரிக் மூடிக்குள் பித்தளைப் புள்ளி கறுத்திருந்தால் மிக மெல்லிய எமரியால் இரண்டு தேய்ப்பு, பிறகு துடைப்பு. ஸ்பிறிங்கை இழுத்து நீட்டிப் போடுவது நம் ஊரில் பழைய தந்திரம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் வரும்வரை தாங்கும். அதற்கு மேல் நான் உத்தரவாதம் தரமாட்டேன். மூடியோடு இருக்கும் ஓ-றிங் காய்ந்து வெடித்திருந்தால் கட்டாயம் புதிது, மாட்டும்போது ஒரு துளி ஒயில் தடவி. பழையதையே போட்டால் லைற் எரியும், ஒயிலும் ஒழுகும்.

எண் காட்டும் மீற்றர்கள்

மீற்றரில் கியர் எண் காட்டுவது புதுப் புதினம் இல்லை. 1970களிலேயே சுசுகி தன் பெரிய வண்டிகளில் வைத்துவிட்டது. நம் பக்கம் அறிந்த ஜி.என். 125லும் இருந்தது, இப்போது ஜிக்சர்போன்ற வண்டிகளில் இருக்கிறது. பழைய முறையில் ஒவ்வொரு கியருக்கும் ஒவ்வொரு வயர். மூடிக்குள் ஒரு புள்ளிக்குப் பதிலாக வட்டமாக ஐந்தாறு புள்ளிகள். சோதனை முன்பு சொன்னதே, வயர் வயராக: சொக்கெற்றைக் கழற்றி ஒவ்வொரு நுனியையும் எஞ்சினில் தொட்டால் அந்தந்த எண் வரவேண்டும். ஒன்று மட்டும் வராவிட்டால் அந்த வயர். எல்லாம் வந்தால் பழுது சுவிட்சில். இரண்டு எண் ஒன்றாகக் காட்டினால் புள்ளிகளுக்கிடையே ஈரமோ பித்தளைத் தூளோ பாலம் போட்டிருக்கிறது. கழுவிக் காயவைத்தால் சரி. 2018 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் இந்த நோயோடுதான் வரிசையாக வந்தன.

புதிய முறையில் ஒற்றை சிக்னல் வயர். சுவிட்சுக்குள் கியருக்கு ஒன்றாக வெவ்வேறு றெசிஸ்ரர்கள்; எந்தக் கியரோ அதற்கேற்ற வோல்ற்றை எஞ்சினின் கொம்பியூட்டர் படித்து எண்ணைக் காட்டும். எஞ்சினின் நெருப்பு எப்போது அடிக்கவேண்டும் என்பதையும் சில வண்டிகள் அதை வைத்தே தீர்மானிக்கும். ஆகவே இங்கே வயரை எஞ்சினில் தொடும் சோதனை வேண்டாம். மல்ரிமீற்றரை 20 வோல்ற் டி.சி.யில் வைத்து, சொக்கெற்றைக் கழற்றாமலே, சிக்னல் வயருக்குப் பின்னால் ஊசி செருகி, கறுப்பு நுனியை ஏர்த்தில் வைத்து அளந்து பாருங்கள். கியருக்குக் கியர் வோல்ற் படியாக மாறவேண்டும். ஒரு கியரில் நிற்கும்போது ஆடாமல் நிற்கவேண்டும். சரியான அளவுகள் அந்த வண்டியின் சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும். ஆடினால் உள்ளே அழுக்கு அல்லது தேய்மானம்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஒரு தவறு. எஞ்சின் நிற்கும்போது பெடலை மட்டும் மிதித்தால் கியர்கள் ஒழுங்காக விழாது. டபிள் ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பின் சில்லைக் கையால் உருட்ட, மற்றவர் மிதிக்கவேண்டும். இதைச் செய்யாமல் "மூன்றுக்கு மேல் காட்டவில்லை" என்று சுவிட்சை மாற்றிய ஆட்கள் உண்டு.

டிஜிற்றல் மீற்றர் பைத்தியம் பிடித்ததுபோல எண்களைக் கலைத்துக் காட்டினால் முதலில் பற்றறியைப் பாருங்கள். 2022இல் பெற்றோல் கிடைக்காமல் வாரக்கணக்கில் நின்ற வண்டிகளைக் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்த பிறகு எடுத்தபோது, பலருடைய 'கியர் பழுது' உண்மையில் செத்த பற்றறி. எஞ்சின் நிற்கும்போது 12.4 வோல்ற்றுக்குக் குறையக்கூடாது. எஞ்சினை முடுக்கி வைத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்கவேண்டும். 15ஐத் தாண்டினால் றெகுலேற்றர் போய்விட்டது; நியூட்ரல் பல்ப் மாதம் ஒன்று எரிந்துபோகிறதென்றால் காரணம் அதுவாக இருக்கலாம். அழுத்தத் தண்ணீரால் கழுவிய அன்றைக்கே எண் போனால் எதையும் கழற்றாமல் ஒரு நாள் வெயிலில் விடுங்கள்.

லைற் உண்மை சொல்லும் வேளை

இது பலருக்கும் பிடிக்காத பகுதி, ஏனென்றால் செலவு இங்கேதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எண் மறைந்து, எஞ்சின் சத்தம் மட்டும் கூடி, வண்டி இழுக்காமல் போனால் மீற்றரைக் குறைசொல்லாதீர்கள். உருளை உண்மையாகவே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. உருளையை ஒவ்வொரு படியிலும் பிடித்து நிறுத்த நட்சத்திரத் தட்டும், அதில் அமரும் சின்ன உருளி உள்ள கையும், ஸ்பிறிங்கும் இருக்கின்றன. ஸ்பிறிங் தளர்ந்தாலோ தட்டின் போல்ட் இளகினாலோ இப்படி வரும். பெரும்பாலும் வலப்பக்கக் கிளட்ச் மூடியைத் திறக்கவேண்டும். கிளட்சைக் கழற்ற ரூல் இல்லாதவர்கள் பட்டறைக்குப் போவது நல்லது.

போகுமுன் இலவசமான இரண்டைப் பார்த்துவிடுங்கள். கிளட்ச் கேபிள் இழுபட்டுக் கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் நியூட்ரலைக் கண்டுபிடிக்கவே பாடாய்ப் படவேண்டும். லிவர் நுனியில் ஒரு சென்ரிமீற்றர் அல்லது கொஞ்சம் கூட விளையாட்டு போதும். கியர் பெடல் மாட்டும் பல்லுத் தண்டில் பல் தேய்ந்திருந்தால் பெடல் அசையும், உருளை அசையாது. மாங்குளம் வீதியில் மூட்டை ஏற்றி ஓடும் வண்டிகளில் இந்தப் பல் தேய்வது அதிகம்.

சுவிட்சே இல்லாமல், எஞ்சின் வேகத்தையும் சில்லு வேகத்தையும் வகுத்துப் பார்த்துக் கியரைக் கணக்கிடும் பெட்டிகளும் கடையில் விற்கிறார்கள். கிளட்சைப் பிடித்தால் கோடு மட்டும் காட்டும், அது பழுதில்லை. பாரம் இழுக்கவென்று முன் ஸ்ப்ரொக்கெட்டைச் சின்னதாக்கினால் கணக்குப் பிழைக்கும். பெட்டிக்குப் புதுக் கணக்கைத் திரும்பப் பழக்கவேண்டும். எப்படி என்பது கூட வந்த தாளில் இருக்கும்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் மூடியைப் பூட்டுமுன் எஞ்சினை நியூட்ரலில் ஸ்ரார்ட் பண்ணி, நிறுத்திவிட்டு, ஒயில் கசிகிறதா என்று சுவிட்சைச் சுற்றி விரலால் துடைத்துப் பாருங்கள். பிறகு மூடியைப் பூட்டி, கிறவல் வீதியில் இரண்டு கிலோமீற்றர் ஓடி, எல்லாக் கியரையும் ஏறி இறங்கி வாருங்கள். திரும்பி வந்து வெள்ளைத் துணியை எஞ்சினுக்குக் கீழே விரித்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். துணியில் பொட்டு விழாவிட்டால் வேலை முடிந்தது. விழுந்தால் ஓ-றிங்.